சோடாப் போத்திலில் எடுத்த மணல்

1

முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நடக்கிற வைகாசித் திங்கட்கிழமையில் நான் ஒருபோதும் லீவு எடுத்ததில்லை. எடுத்து என்ன செய்வது? யேர்மனியின் இந்தக் கிழக்கு மூலையில் அம்மனும் இல்லை, கோவில் வீதி நிறைய வேர்க்கடலை வறுக்கிற கச்சான் கடையும் இல்லை. விடிய எழும்பிக் குளித்து, விபூதி பூசி, படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, வீட்டுக் கதவைப் பூட்டும்போது அந்த விபூதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவேன். அம்மன் கோபிக்க மாட்டா. என் வேலை அப்படிப்பட்டது என்று அவவுக்குத் தெரியும்.

நான் கம்பியூட்டர் சிப் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த ஆண்டுப் பொங்கல் நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தம்பி நேசன் ஊரிலிருந்து கைபேசியில் எடுத்தான். அவன் அப்போது கச்சான் மூட்டைகளோடு கோவிலடியில் நின்றிருக்க வேண்டும். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"அக்கா, வேலையோ?"

"சாப்பிடுறன். சொல்லு."

"ஒரு சந்தோசமான கதை. எங்கட காணி மணல்ல கம்பியூட்டர் சிப் செய்யலாமாம்!"

வாயில் வைத்த பாண் துண்டை வெளியே எடுத்துவிட்டேன்.

"ஆர் சொன்னது?"

"வவுனியாவில இருந்து ஒரு ஐயா வந்தவர். எங்கட வெள்ளை மணல் கப்பல்ல வெளிநாட்டுக்குப் போய் சிப்பா வருமாம். மேல் மண்ணைத் தள்ளிப்போட்டு ஆழமா எடுப்பினமாம். நான் நம்பேல்லை எண்ட உடன அவரே சொன்னார், 'உங்கட அக்கா உந்தத் தொழிற்சாலையிலதானே நிக்கிறா, அவவையே கேளுங்கோ' எண்டு."

கெட்டிக்காரனைப் பாருங்கள்! நான் இங்கே நிற்பதே அவனுக்குச் சாட்சி. ஊரில் என்னை 'மணலைச் சிப்பாக்கிற ஆள்' என்றுதான் சொல்வார்கள். அதில் அவர்களுக்கும் பிழையில்லை. பள்ளிக்கூடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, கைபேசியில் வருகிற காணொளியும் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் தொழிற்சாலைக்கு வருகிற விருந்தாளிகள் பார்க்கவென்று வாசலிலேயே ஒரு கண்ணாடிச் சாடி நிறைய மணல் வைத்திருக்கிறார்கள்.

"உன்ர கையெழுத்து ஒண்டுதான் அக்கா வேணும். உனக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடலாம் எண்டு அற்றோணித் தத்துவம் ஒண்டு எழுதி அனுப்பினாய் எண்டால் மிச்சத்தை நான் பார்ப்பன்."

அந்தக் காணி என் சீதனம். அம்மாவின் காணி மகளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழமை. காணிப் பத்திரமான உறுதி என் பெயரில் இருக்கிறது. அதில் கச்சான் விதைப்பதும் பிடுங்குவதும் காட்டுப்பண்டி வராமல் காவல் இருப்பதும் நேசன். இவ்வளவு காலமும் அதைப்பற்றி எங்களுக்குள் ஒரு கதையும் வந்ததில்லை.

"பொறு," என்றேன். "வேலை முடிஞ்சு எடுக்கிறன். அந்த மனிசனுக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லிப் போடாதை."

2

சுத்த அறைக்குள் போவதற்கு நாங்கள் உடுத்துகிற கோலத்தை ஊரில் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்துக்குத் திரை, கைக்கு இரட்டைக் கையுறை. கண் மட்டும் வெளியே தெரியும். பவுடர் கூடாது, பொட்டுக் கூடாது, விபூதி கூடவே கூடாது. அந்த அறையின் கணக்கில் ஒரு சிட்டிகை விபூதி ஒரு புழுதிப் புயல்.

எல்லாவற்றிலும் மோசம் உப்பு. மனிதரின் வியர்வையில் இருக்கிற சோடியம் சிப்புக்குள் புகுந்துவிட்டால் புகுந்த இடத்தில் கிடக்காது. மின்சாரம் ஓட ஓட அதுவும் நகரும். இன்றைக்கு ஒழுங்காக இயங்கிய சிப் இன்னொரு நாள் தடுமாறும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இங்கே உப்புப் பட்ட பண்டம்தான் குப்பையிலே! நான் நிற்பது கழுவுகிற பகுதியில். அந்த உப்பையும் தூசியையும் துரத்துவதுதான் என் பிழைப்பு. வற்றாப்பளையில் பொங்கலுக்கு எண்ணெய் இல்லாமல் கடல்தண்ணீரிலேயே விளக்கெரிகிறது. அதே கடல்தண்ணீரைக் கையில் நனைத்துக்கொண்டு இங்கே வந்தேன் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மணலில் இருந்து சிப் வருகிறது என்பது பொய்யில்லை. நெல்லில் இருந்து மோதகம் வருகிறது என்பதுபோல அதுவும் உண்மைதான். இடையில் நடப்பதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில், அது பெரும்பாலும் மணலே இல்லை. மலைகளில் உடைத்து எடுக்கிற வெள்ளைப் படிகக் கல். அதைக் கரியோடும் மரத்துண்டுகளோடும் மின் உலையில் போட்டு, இரும்பு உருகுகிற சூட்டுக்கும் மேலே காய்ச்சுவார்கள். கல்லில் உள்ள ஒட்சிசனைக் கரி பிடுங்கிக்கொண்டு போக, சாம்பல் நிறத்தில் சிலிக்கன் மிஞ்சும். அது இன்னும் ஊத்தைதான். அதை அமில வாயுவோடு சேர்த்து, ஆவியாகக்கூடிய திரவமாக்கி, சாராயம் வடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வடித்து, மறுபடி கட்டியாக்குவார்கள். பிறகு அதை உருக்கி, ஒரு சின்ன விதைப் படிகத்தை அதன் மேல் தொடவிட்டு, சுழற்றிச் சுழற்றி மெல்ல மேலே இழுப்பார்கள். ஒரு பிளவும் இல்லாத தூண் ஒன்று எழும்பி வரும். அந்தத் தூணைக் கம்பியால் அப்பளத் தடிப்புக்கு அரிந்து, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கினால்தான் எங்கள் வாசலுக்கே வரும்.

எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒளி பட்டால் மாறுகிற பசையை அந்தத் தட்டில் பூசுவோம். ஒளியாலேயே அதில் கோலம் எழுதுவோம். வேண்டாத இடத்தை அமிலத்தாலும் வாயுவாலும் அரிப்போம். போரனையோ பொசுபரசையோ கொஞ்சமாகப் புகுத்துவோம். செம்பால் மின்சாரத்துக்கு வழி போடுவோம். ஒவ்வொன்றுக்கும் இடையில் கழுவுவோம். முடிய மாதக்கணக்கில் எடுக்கும்.

கழுவுகிற தண்ணீரைப்பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதில் உப்பில்லை, சுண்ணாம்பில்லை, கிருமியில்லை. அதைச் சுத்தம் செய்யவே பக்கத்தில் தனியாக ஒரு கட்டடம் உண்டு. ஒரு பைப்பில் எங்கேயாவது கொஞ்சம் பிழை வந்தாலும் பெரிய பெரிய ஆட்கள் ஓடி வருவார்கள். வாசலில் இருக்கிற மணல் சாடியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீரைத்தான் பொன்போலக் காக்கிறார்கள்.

3

வேலை முடிந்து ட்ராமில் இருந்து நேசனுக்கு எடுத்தேன்.

"தம்பி, அந்த ஐயா மணலைப் பார்க்கவெண்டு கொண்டு போயிருப்பாரே, எதில எடுத்தவர்?"

"எங்கட குசினிக்க கிடந்த சோடாப் போத்திலிலதான். அதை வாகனத்துக்குள்ள முன்னால வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் காட்டுறார்."

"போத்திலைக் கழுவினவரோ?"

"உனக்கென்ன விசரே அக்கா? மணல் போடுறதுக்குப் போத்தில் கழுவுறதோ?"

"கையாலயோ அள்ளினவர்?"

"ஓம். ஒரு கிள்ளு வாயில போட்டும் பார்த்தவர். முதல்தரம் எண்டவர்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த யேர்மன்கார அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. பின்னே என்ன! தூசி ஒன்று விழுந்தால் தட்டுக்களை அப்படியே எறிகிற உலகத்துக்கு மணல் அனுப்பப்போகிற மனிசன், பெடியள் குடித்துவிட்டுப் போட்ட சோடாப் போத்திலில், வெறுங்கையால் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அதற்குள் வாயில் வேறு போட்டுப் பார்த்திருக்கிறான்.

"நேசன், அந்தாள் மணலைச் சோதிக்கேல்லை. உன்னைத்தான் சோதிச்சவர். எங்கட மணல்ல சிப்பியும் கிடக்கு, உப்பும் கிடக்கு. டிப்பர் டிப்பரா அள்ளுறது வீடு கட்ட, றோட்டுப் போட. சிப்புக்கு இல்லை."

நான் சிரித்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி," என்றான் நேசன். "சிப் இல்லை, சீமெந்து எண்டே வைச்சுக்கொள். அதுக்கென்ன? நீ அங்க இருந்து சிரிப்பாய். இந்த வருசமும் பாதிக் கச்சானைப் பண்டி கிண்டிப்போட்டுது. மிச்சத்தை மழை அழுக வைச்சுது. காணி உன்ர பேரில அக்கா, வியர்வை என்ர உடம்பில. சண்டை முடிஞ்சு முகாமில இருந்து திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்த கையோட அந்தப் பத்தைக் காட்டை வெட்டேக்க நீ எங்க நிண்டனி?"

வைத்துவிட்டான்.

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய், இரண்டு தரிப்பிடம் திரும்ப நடந்தேன். ஒன்றை மட்டும் நடக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்: தலைகீழாக நின்றாலும் அந்த மணலை எடுக்க விடமாட்டேன். அவனோடு பகைத்துக்கொண்டா, பகைக்காமலா என்பதுதான் தெரியவில்லை.

4

வீட்டில் மகள் துளசியிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் தொடங்கி யேர்மன் மொழியான டொச்சில் முடிக்கிற பிள்ளை. சின்னதில் ஒருதரம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அந்தக் காணியைப்பற்றி அவளுக்கு நினைவிருப்பது கட்டெறும்பு கடித்தது மட்டும்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கையெழுத்துப் போடாமல் விடுங்கோ அம்மா, அது சிம்பிள். ஆனா அப்ப நீங்கள் இங்க இருந்து சேஃப், மாமா அங்க வேலையாள். அப்பிடித்தானே?"

சேஃப் என்றால் இங்கே முதலாளி. எனக்குச் சுருக்கென்றது.

"என்ன கதை இது? அவன் என்ர தம்பி!"

"சரி, தம்பி. உங்களுக்குப் பிறகு காணி எனக்கு வரும், என்ன? எனக்கு அதை வித்துப்போடத்தான் தெரியும். அந்த ஐயா கேட்டால் நான் இங்க இருந்தே ஓம் சொல்லிடுவன்."

பகிடியாகத்தான் சொன்னாள். முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. இன்றைக்கு நான் 'மாட்டேன்' என்று சொல்லலாம். எனக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் யார்?

வந்த புதிதில் இந்த வேலைக்கு நேர்முகம் போனது நினைவுக்கு வந்தது. மண்ணோடு பாடுபட்டவள் நான், கடினமான வேலைக்குப் பயமில்லை என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த டொச்சில் 'நான் ஊத்தையான பெண்' என்று சொல்லிவிட்டேன். கேள்வி கேட்ட மனிசன் சிரித்து முடித்து, "எங்களுக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது அம்மா" என்றான். என்றாலும் வேலை தந்தான். மண்ணோடு பாடுபட்டவள் என்று இன்று அதே வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லுவேன். ஆனால் அது இப்போது நேசனுடைய வசனம், என்னுடையது அல்ல.

5

எங்கள் காணிக் கிணறு ஆழமில்லை. நீளமான வாளிக்கயிறு தேவையே இல்லை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, நந்திக்கடல் என்கிற கடலேரிப் பக்கத்திலிருந்து வருகிற உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு. அந்த நல்ல தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கிற தொட்டியே மணல்தான். தொட்டியை அள்ளிவிட்டால்? என் தொழிற்சாலையில் ஒரு கட்டடத்தையே கட்டிச் செய்கிற வேலையை அந்த மணல் சும்மா கிடந்து செய்கிறது. இது எனக்கு விளங்கியதே இங்கே வேலைக்கு வந்த பிறகுதான்.

இதை நேசனுக்குப் பிரசங்கமாகச் சொன்னால் கேட்கமாட்டான். நான் என்றால் கேட்பேனா? ஒரு கிழமை விட்டு எடுத்தேன்.

"கோபமெண்டால் கோபமா இரு," என்றேன். "எனக்கு ஒண்டு மட்டும் செய். நியாஸ் நானாவின்ர கிணத்தில ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வந்து கதை."

நியாஸ் நானா முல்லைத்தீவில் கச்சான் வாங்கி விற்கிற முஸ்லிம் பெரியவர். இடம்பெயர்ந்து போய்க் கன காலத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம். அவருடைய கடலேரிப் பக்கத்துக் காணியில் முன்னமே மணல் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நேசன் அங்கே நின்றுகொண்டே வீடியோவில் எடுத்தான். குழி ஒன்று குளம்போலத் தெரிந்தது. அதன் கரையில் நட்டிருந்த தென்னம்பிள்ளையின் ஓலை நுனி கருகியிருந்தது. நேசன் கிணற்றில் இருந்து ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டான். விட்ட கையோடு துப்பினான்.

நானா படத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்தார். "தங்கச்சி, சுகமா இருக்கிறீங்களோ? இங்க தேத்தண்ணிக்குக் கூட ரவுணில இருந்து கான்ல தண்ணி வருது. மணல் ஏத்தேக்க லொறிக்காரன் எனக்கு எவ்வளவு மரியாதை தந்தவன் தெரியுமோ? இப்ப கண்டாலும் கோன் அடிக்கிறானில்லை."

அவர் சிரித்தார். நேசன் சிரிக்கவில்லை.

"என்னடா?" என்றேன்.

"யோசிக்கிறன்," என்றான்.

அவ்வளவுதான். 'மாட்டன்' என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னதெல்லாம், "அந்த ஐயா திரும்ப வருவார். அக்கா ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்பதுதான். அங்கேதான் எல்லாச் சிக்கலும் இருந்தது. அவனுக்கு ஓம் சொல்லவும் உரிமையில்லை, இல்லை என்று சொல்லவும் உரிமையில்லை. கண்ணிவெடி எடுத்த காணியில் பத்தை வெட்டினவனை நான் இவ்வளவு காலமும் அப்படித்தான் நிற்க வைத்திருந்தேன்.

அன்றே முடிவெடுத்தேன். இந்த முறை நடந்துகொண்டு அல்ல, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக.

6

கையெழுத்துப் போட வேண்டிய எங்கள் நாட்டுத் தூதரகம் பெர்லினில். ரயிலேறிப் போக வேண்டும். இங்கத்தைய அலுவலகங்களில் எனக்குப் பழகிப்போன ஒன்று: எதைக் கொண்டு போனாலும் கொண்டுபோகாத ஒன்றைத்தான் கேட்பார்கள். நம் நாட்டு அலுவலகமும் அதில் குறை வைக்கவில்லை.

"அற்றோணித் தத்துவம் விற்கிறதுக்கோ அம்மா?" என்று கேட்டார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

"இல்லை, குடுக்கிறதுக்கு. தம்பிக்கு நன்கொடை உறுதி எழுதவேணும். அதுக்கு மட்டும்தான்."

"உங்கட கணவரின்ர சம்மதம் வேணும். உங்கட வழமைச் சட்டத்தில மனைவி காணியைக் கைமாத்துறதெண்டால் கணவர் எழுத்தில சம்மதிக்கவேணும்."

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்! என் அம்மா எனக்குத் தந்த காணி. அதைக் கொடுக்க இவருடைய சம்மதமா? பக்கத்தில் நின்ற இவரோ மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க, திரும்ப ஒருக்கா சொல்லுங்கோ, இவவுக்குக் கேக்கட்டும்" என்றார். "கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர சம்மதத்தை ஒருத்தரும் கேட்டதில்லை ஐயா. உடனே தாறன்!" கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரும் சிரித்துவிட்டார். நானும்தான். என்றாலும் திரும்ப ஒருநாள் இவரையும் கூட்டிக்கொண்டு வந்துதான் முடிக்க முடிந்தது, ஏனென்றால் முதல் போனபோது இவர் தன் கடவுச்சீட்டைக் கொண்டுவரவில்லை.

திரும்பி வரும் ரயிலில், துணைக்கு வந்திருந்த துளசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா நாளைக்கே அந்த மணலைக் குடுத்தால்?"

"குடுப்பான் எண்டால் குடுப்பான்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"இருக்கு," என்றேன். பொய் ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கிணறு உப்பாகிப் போவதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. ஆனால் யேர்மனியில் இருந்துகொண்டு நான் சொல்கிற 'மாட்டேன்' என்னோடு முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் சொன்னால்தான் அது நிற்கும். காணியையும் கொடுத்து, நீ இப்படித்தான் செய்யவேண்டும் என்று கட்டளையும் போட்டால், நான் பிறகும் சேஃப்தான்.

துளசி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு அந்த எறும்புக் காணியை ஒருக்காப் பார்க்கவேணும்" என்றாள். தமிழில் தொடங்கித் தமிழிலேயே முடித்தாள்.

7

உறுதி எழுதிப் பதிந்தாயிற்று என்று நேசன் ஒரு வரி அனுப்பினான். நன்றி என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் ஏசியிருப்பேன். மணலைப்பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்று இவரைக் கேளுங்கள். சோற்றில் உப்புப் போட மறந்தேன், போட்ட இடத்தில் திரும்பவும் போட்டேன்.

நேற்று வேலைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் நிற்கும்போது கைபேசியில் அவனுடைய குரல்பதிவு ஒன்று வந்து கிடந்தது. ஒற்றைக் கையுறையைக் கழற்றிவிட்டுக் காதில் வைத்தேன். முதலில் வாகனம் ஒன்று இயங்கும் சத்தம். பிறகு எனக்குத் தெரியாத ஒருவரின் குரல், நல்ல மரியாதையான குரல்.

"என்ன தம்பி, அக்கா இன்னும் முடிவு சொல்லேல்லையோ?"

"அக்காவை விடுங்கோ ஐயா," என்றான் நேசன். "காணி என்ர. நான் சொல்லுறன், மாட்டன்."

"அவசரப்படாதேங்கோ. வடிவா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அங்க முன்னால வைச்சிருக்கிற போத்திலையும் எடுத்துத் தந்திட்டுப் போங்கோ. அதுக்க கிடக்கிறது எங்கட மணல்."